நதி உலா

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாக வைத்திருப்பவனுக்கு என்ன வந்து சேரும் என்று சொல்லவே முடியாது. முதுகலையில் சிலப்பதிகாரம் படித்தவன் நான். ஆனால் இதுவரை தமிழாக்கியவற்றில் பூச்சிமருந்து டப்பாவின் எச்சரிக்கை உண்டு, காப்பீட்டு விதிகள் உண்டு, குக்கரின் உத்தரவாதச் சீட்டு உண்டு. போன மாதம் வந்தது வேறு ரகம். வழவழப்பான தாளில் 24 பக்க வண்ணப் புத்தகம். பிரான்சில் ரோன் நதியில் எட்டு நாள் உல்லாசக் கப்பல். லியோனில் ஏறி ஆர்லில் இறங்கலாம். வழியெல்லாம் பழைய ஊர்கள், கோட்டைகள், திராட்சைத் தோட்டங்கள். ஒவ்வொரு துறையிலும் அந்த ஊர் ஒயினை வாயில் வைத்துப் பார்க்க ஏற்பாடு உண்டு. கையில் கொஞ்சம் காசு சேர்ந்துவிட்ட தமிழர்களை ரோன் கரைக்கு அழைத்துப்போக ஒரு பயண நிறுவனம் நினைத்திருக்கிறது. கெடு பத்து நாள்.

நானோ கேம்பல் பேக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா அங்கே இருக்கிறார். எண்பதைத் தொட்டுவிட்டவர், ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும் என்று பல வருடங்களாகத் தள்ளிப்போட்ட பயணம். ஆகவே புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ரோன் நதியைத் தமிழாக்கியது வங்கக் கடலில், கப்பலின் பங்க் படுக்கையில் உட்கார்ந்து.

முதல் சொல்லிலேயே முட்டிக்கொண்டது. குரூஸ். பயணம் என்றால் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். யாத்திரை என்றால் புண்ணியம் வேண்டும். போய்ச் சேர வேண்டிய அவசியமே இல்லாமல் கப்பலில் போவதற்குத் தமிழில் சொல் இல்லை, தேவைப்பட்டிருக்காது. கடைசியில் ‘நதி உலா’ என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் உறைத்தது. நம் உலா இலக்கியத்தில் மன்னனோ கடவுளோ வீதியில் வருவார். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஊரே நின்று அவரைப் பார்க்கும். இந்த உலா தலைகீழ். ஊர்வலம் போகிறவர்கள் ஊரைப் பார்க்கிறார்கள். ஊர் என்ன நினைக்கிறது என்பது புத்தகத்தில் இல்லை.

இருந்தாலும் சொல்ல வேண்டும், பார்க்க வேண்டிய ஊர்கள்தான். லியோனும் ஆர்லும் ரோமானியர் காலத்துத் துறைமுக நகரங்கள். வியென் என்ற சிற்றூரில் அகஸ்டஸ் சீசருக்கும் அவன் மனைவி லிவியாவுக்கும் எழுப்பிய கோயில் இன்றும் கூரையோடு நிற்கிறது. ஆர்லில் 2011-ல் ஆற்றடிச் சேற்றிலிருந்து 31 மீட்டர் நீள ரோமானியச் சரக்குப் படகை எடுத்து, செப்பனிட்டு, அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ரோமானியர்கள் ஒயின் அனுப்பிய இருகைப்பிடிச் சாடிகள் நமக்கும் அந்நியமல்ல. 1945-ல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியபோது அதே ஜாதிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைச் சங்கப் புலவர்களே குறித்திருக்கிறார்கள். தமிழன் ஒயினை இப்போதுதான் கண்டான் என்று பயண நிறுவனம் நினைத்துக்கொண்டிருந்தால் இரண்டாயிரம் வருடம் பிந்திவிட்டது.

வழியில் தூர்னோனுக்கு எதிர்க்கரையில் ஒரு ஊர். பிரெஞ்சு உச்சரிப்பைத் தமிழில் எழுதினால் கிட்டத்தட்ட ‘தேன்’ என்று வருகிறது. ஊருக்குப் பின்னால் செங்குத்தான குன்று. கல் அடுக்கிக் கட்டிய படிவரிசைகளில் திராட்சை. அதற்கும் கீழே அவிஞ்ஞோன். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமை விட்டு வந்து தங்கிய நகரம். அவர்கள் கோடைக்குப் போன இடம் ‘போப்பின் புதுக்கோட்டை’ என்றே பெயர்பெற்று, அங்கே விளையும் ஒயினுக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஊர்ப் பெயரைக் கண்டவரும் புட்டியில் ஒட்டாமல் இருக்க 1920-களில் அங்கத்து விவசாயிகள் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். 1935-ல் பிரான்சு அதைத் தேசம் முழுவதற்கும் சட்டமாக்கியது. இன்ன மண்ணில், இன்ன கொடியில் விளைந்தால்தான் இன்ன பெயர். நம் மதுரை மல்லிக்கு 2013-ல் கிடைத்த புவிசார் குறியீடும் அந்த வழியில் வந்ததுதான்.

புத்தகம் சொல்லாதவையும் உண்டு. ரோன் சாது நதி அல்ல. ஆல்ப்ஸ் மலைப் பனி உருகி, காட்டாறாகப் பாய்ந்து, ஊரை அழித்துக்கொண்டிருந்த நதி. அவிஞ்ஞோனின் புகழ்பெற்ற பாலத்துக்கு ஒரு காலத்தில் 22 வளைவுகள். வெள்ளம் அடித்து அடித்து, 1669-க்குப் பிறகு கட்டுவதையே கைவிட்டார்கள். இன்று மிச்சம் 4 வளைவுகள். ஆற்றின் பாதியில் முடியும் அந்தப் பாலத்தைப் பார்க்கக் கட்டணம். இருபதாம் நூற்றாண்டில் லியோனுக்குக் கீழே 12 நீர்ப்பூட்டுகளைக் கட்டி நதியைப் படிக்கட்டாக்கினார்கள். பொல்லேன் என்ற இடத்தில் ஒரே பூட்டில் கப்பல் சுமார் 23 மீட்டர் இறங்குகிறது. கரையில் அணுமின் நிலையங்கள் இருக்கின்றன. ஒயின் கோப்பை அசையாமல் இருப்பதற்குப் பின்னால் இவ்வளவு காங்கிரீட் இருக்கிறது. படங்களில் அது விழவில்லை.

எங்கள் கப்பலில் எதுவும் அசையாமல் இல்லை. போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம்) கேம்பல் பேக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். லிட்டில் அந்தமானைத் தாண்டியதும் பத்து டிகிரிக் கால்வாய். கால்வாய் என்ற பெயரை நம்பி ஏமாறக்கூடாது. சுமார் 150 கிலோமீட்டர் அகலமான திறந்த கடல். மாற்றலாகிப் போகும் அரசு ஊழியர்கள், பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு திரும்பும் பெண், விடுமுறைக்குப் போகும் மாணவர்கள், வெங்காய மூட்டை, ஒரு தையல் மிஷின், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் கோழிக்குஞ்சுகள். உல்லாசத்துக்காக ஏறியவர் ஒருவரும் இல்லை. அலை கொஞ்சம் அடங்கியபோது ஒருவர் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “சார், நீங்க முதல் தடவையா? அப்ப சாப்பிடாதீங்க.” எட்டு நாளும் ஐந்து வகை உணவு என்ற வரியைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். மூடி வைத்துவிட்டேன்.

விடிந்தால் கார் நிக்கோபார். அதன் பிறகு தீவுக்குப் பின் தீவு: சௌரா, தெரசா, கச்சால், நான்கௌரி, கமோர்ட்டா. ரோன் கரையில் ஊருக்கு ஒரு ஒயின் என்றால் இங்கே தீவுக்கு ஒரு தொழில் இருந்தது. பானை செய்யும் உரிமை சௌராவுக்கு மட்டும். அதற்கான களிமண்ணோ தெரசாவில். தெற்குத் தீவுகளில் குடைந்த மரத்தோணிகள் சௌரா வழியாகத்தான் கார் நிக்கோபாருக்குப் போகும். வேறு தீவுக்காரர் பானை வனைந்தால் தீங்கு வரும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையோ வியாபார தந்திரமோ, சிறிய, தண்ணீர் குறைந்த, எளிதில் பஞ்சம் வரக்கூடிய சௌராவுக்கு அது சோறு போட்டது. ரோன் விவசாயிகள் 1930-களில் சட்டம் போட்டுச் சாதித்ததைச் சௌராக்காரர்கள் சாபத்தை வைத்தே சாதித்திருக்கிறார்கள்.

இந்தத் தீவுகளில் வெளியார் நினைத்தபோது இறங்க முடியாது. பழங்குடி மக்களுக்கான காப்பிடம். 1956-ன் சட்டப்படி அனுமதிச் சீட்டு வேண்டும். ஆக, கப்பல் நிற்கும், சிலர் இறங்குவார்கள், சிலர் ஏறுவார்கள், நாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். நான்கௌரித் துறைமுகத்தில் கப்பல் நுழைந்தபோது எனக்கும் இறங்கிப் பார்க்கத்தான் ஆசை. பச்சைக் குன்றுகளுக்கு நடுவில் கண்ணாடி போன்ற நீர். கரையில் நின்ற சில பேர் கப்பலைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். அந்தப் பக்கம் நல்ல பழைய உலா நடந்துகொண்டிருந்தது.

கச்சாலில் இறங்க வேண்டிய ஒரு அம்மாள் என் பங்க்குக்குப் பக்கத்தில் இருந்தார். பேச்சைக் கேட்டதும் இலங்கை மலையகம் என்று தெரிந்தது. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களில் சில குடும்பங்களை 1970-களில் கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைக்குப் போனவர்கள், பேத்தி காலத்தில் ரப்பருக்கு வந்தார்கள். 2004 டிசம்பர் 26-ன் சுனாமியில் மிக மோசமாக அடிவாங்கிய தீவுகளில் ஒன்று கச்சால். அதைப் பற்றி அவர் பேசவில்லை; நானும் கேட்கவில்லை. என் மடியில் இருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். தேன் ஊரின் படிவரிசைத் தோட்டத்தில் விரல் நின்றது.

“தேயிலை மலை மாதிரியே இருக்கே. என்ன செடி?”

“திராட்சை.”

இன்னும் நாலு பக்கம் புரட்டினார். “பறிக்கிற ஆளுகளக் காணோமே?”

உண்மைதான். மாளிகை இருந்தது, பாதாளச் சாராய அறை இருந்தது, கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் முதலாளி இருந்தார். பறிக்கிறவர் ஒருவரும் 24 பக்கத்தில் இல்லை. ஸ்பெயினிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பருவத்துக்கு வந்து போகும் கூலிகள் அந்தக் குன்றுகளில் முதுகு வளைக்கிறார்கள். நான் அந்தப் புத்தகத்தை வரிவரியாக இரண்டு முறை படித்திருந்தேன். ஆள் இல்லை என்பது என் கண்ணில் படவில்லை. கொழுந்து பறித்த குடும்பத்துப் பெண்ணுக்கு ஒரு நிமிடத்தில் பட்டுவிட்டது.

நிக்கோபாருக்கு வந்த வெளியார் பட்டியல் நீளமானது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. அந்தப் படையெடுப்பில் வென்ற இடங்களாகத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு சொல்பவற்றில் மாநக்கவாரமும் ஒன்று. அதன் சோலைகளில் தேன் இருப்பதாகவும் மெய்க்கீர்த்திக்காரர் புகழ்கிறார். சோழன் போய் அடித்த பேரரசின் பெயரோடு ஒத்த பெயரில் இன்று ஒரு நகரம் இருப்பதும், அங்கிருந்து நக்கவாரத்துக்குக் கப்பல் விடப்படுவதும் வரலாறு நம்மோடு விளையாடும் விளையாட்டு.

அடுத்து வந்தவர்கள் எனக்கு இன்னும் நெருக்கம். எங்கள் ஊர் பொறையாறு பக்கம். தரங்கம்பாடிக்கு நடந்து போகும் தூரம். சின்ன வயதில் டேனிஷ் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன். அந்தக் கோட்டையிலிருந்து ஆண்ட டேனிஷ் கம்பெனிக்காரர்கள் 1750-களின் நடுவில் கப்பலேறி வந்து குடியேற்றம் போட்ட இடம் வேறெதுவும் அல்ல, இதே கிரேட் நிக்கோபார். புது டென்மார்க் என்று பெயர் வைத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. சில வருடங்களில் கமோர்ட்டாவுக்கு ஓடினார்கள். அங்கும் காய்ச்சல். 1768-ல் மொரேவியச் சபைப் பாதிரிமார் நான்கௌரிக்கு வந்து, பலரைப் புதைத்துவிட்டு, 1787-ல் போனார்கள். நடுவில் டேனிஷ்காரர்கள் விட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து 1778-ல் ஆஸ்திரியர்கள் கொடியேற்றினார்கள். தெரசா தீவின் பெயர் அவர்களுடைய மகாராணி மரியா தெரசாவின் பெயர். 1868-ல் டென்மார்க் தன் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றது. அடுத்த வருடமே கமோர்ட்டாவில் கைதிகள் குடியிருப்பு; அதையும் 1888-ல் மூடினார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர். கரையில் நின்றவர்கள் எத்தனை கப்பலைத்தான் பார்ப்பார்கள்!

1978-ல் என் சித்தப்பாவும் ஒரு கப்பலில் வந்தார். 1971 போரில் இருந்துவிட்டு ஓய்வுபெற்ற சிப்பாய். தென்கோடித் தீவில் இந்தியர்கள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 1969-லிருந்து பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு முதலிய மாநிலங்களின் முன்னாள் ராணுவக் குடும்பங்களைக் கொண்டுவந்து நிலம் கொடுத்தது. முன்னூற்றுச் சொச்சம் குடும்பங்கள். கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று ஊர்கள் முளைத்தன. எங்கள் ஊரில் கிழவிகளுக்கு ‘கேம்பல் பே’ நாக்கில் வரவில்லை. “சின்னவன் பேய் ஊருக்குப் போயிட்டான்” என்றார்கள். காட்டை வெட்டித் தென்னையும் பாக்கும் வைத்தார். 26 வருடம் கழித்துக் கடல் வந்து தென்னையை எடுத்துக்கொண்டது. நிலத்தின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது. அது இன்னும் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. தீவின் தென்முனையான இந்திரா முனையில் தரை சுமார் 4 மீட்டர் அமிழ்ந்தது. 1972-ல் கட்டிய கலங்கரை விளக்கம் இப்போது கடலுக்குள் நிற்கிறது.

சித்தப்பா புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அவருடைய கேள்வி ஒன்றுதான். “இந்தக் கப்பல் சொன்ன நாளுக்குச் சொன்ன நேரத்துக்கு வருமா?”

“வரும்.”

“கொடுத்து வெச்சவனுங்க” என்று திருப்பிக் கொடுத்தார். கடல் கொந்தளித்தால் கப்பல் இல்லை. நோயாளிக்கு ஒன்றென்றால் ஹெலிகாப்டருக்காக வானத்தைப் பார்க்க வேண்டும். அதனால்தான் கலாத்தியா விரிகுடாவில் பெரிய துறைமுகம் வரப்போகிறது என்றபோது சித்தப்பா வீட்டில் யாரும் அழவில்லை. பேரனுக்கு வேலை கிடைக்கும் என்றார்கள், பெரிய ஆஸ்பத்திரி வரும் என்றார்கள். கூடவே விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் எந்த நிலத்தை எடுப்பார்கள், என்ன விலை தருவார்கள் என்ற கவலையும் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து காட்டைப் பற்றி உருகுகிறவர்கள் இந்த வீட்டுத் திண்ணையில் ஒரு மழைக்காலம் இருந்து பார்க்க வேண்டும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்த விரிகுடாவின் கதையையும் சொல்ல வேண்டும். நிக்கோபார்த் தீவுகளில் சொல்லிக்கொள்ளும்படி ஆறுகள் ஓடுவது கிரேட் நிக்கோபாரில்தான். அவற்றில் ஒன்று கலாத்தியா. 642 மீட்டர் உயரமான துல்லியர் மலை இருக்கும் தீவில், மழைக்காட்டுக்கு நடுவே வளைந்து வந்து தெற்கே கடலில் விழுகிறது. உப்புநீர் முதலைகள் வாழும் ஆறு. உல்லாசப் படகு விட்டால் முதலைகளுக்குத்தான் உல்லாசம். பெயர் ஒரு கப்பலின் பெயர். 1845-ல் கோப்பன்ஹேகனிலிருந்து புறப்பட்ட டேனிஷ் போர்க்கப்பல் கலாத்தியா, விற்றுவிட்ட தரங்கம்பாடியையும் செராம்பூரையும் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் வேலையை முடித்துவிட்டு, 1846-ல் இங்கே வந்து ஆய்வு செய்தது. அதற்கு முன்பும் அந்த ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கரையில் ஷோம்பென் மக்களும் நிக்கோபாரிகளும் இருந்தார்கள். அவர்கள் அழைத்த பெயர் நம் வரைபடத்தில் ஏறவில்லை. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் சொல்கிறேன், மூலத்தைக் கேட்காமலே செய்த பெயர்ப்பு அது.

ஆறு கடலில் சேரும் மணலில் குளிர்காலத்து இரவுகளில் தோல்முதுகு ஆமைகள் ஏறிவந்து முட்டையிடும். ஓட்டுக்குப் பதில் தோல் போர்த்த முதுகு, அதில் ஏழு வரி, எடை பல நூறு கிலோ. லிட்டில் அந்தமானில் கருவி பொருத்தி விட்ட இதே ஜாதி ஆமைகளில் சில ஆஸ்திரேலியா பக்கமும் சில ஆப்பிரிக்கக் கரைப் பக்கமும் நீந்திப் போயிருக்கின்றன. சுனாமி அந்த மணலையே அழித்தது. ஆற்றின் மேல் இருந்த பாலத்தையும் கொண்டுபோனது. சில வருடங்களில் மணல் மறுபடி சேர்ந்தது, ஆமைகள் மறுபடி வந்தன. 1997-ல் அந்த விரிகுடாவைச் சரணாலயம் என்று அறிவித்த அரசு, 2021 ஜனவரியில் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. 2022 நவம்பரில் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி. அப்போது சொன்ன செலவு 72,000 கோடி ரூபாய். சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 8,000 பேர் இருந்த தீவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒருநாள் வாழ்வார்கள் என்பது கணக்கு. ரோனைப் படிக்கட்டாக்கிய பொறியாளர்கள்கூட அங்கே ஏற்கனவே இருந்த ஊர்களுக்காகத்தான் அதைச் செய்தார்கள். இங்கே ஊரையே புதிதாக வரவழைக்க வேண்டியிருக்கிறது.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை சித்தப்பாவைப் பார்க்க ஒரு நிக்கோபாரிப் பெரியவர் வந்தார். இரண்டு பேருக்கும் நாற்பது வருடப் பழக்கம். பட்டாளத்து ஹிந்தியும் தீவு ஹிந்தியும் கலந்து பேசிக்கொள்வார்கள். அவருடைய கிராமம் மேற்குக் கரையில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு உயிர் தப்பியவர்களை அரசு கேம்பல் பேக்குக் கொண்டுவந்து வரிசை வீடுகளில் வைத்தது. தற்காலிகம் என்று அவர்கள் நினைத்தார்கள். இருபது வருடம் தாண்டிவிட்டது. திரும்பிப் போக வேண்டும், பழைய இடத்தில் தென்னையும் தாழையும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாழை என்றால் நமக்குப் பூ. அவர்களுக்கு அதன் பழம்தான் சோறு. 2022 ஆகஸ்டில் திட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்திட்ட பழங்குடி மன்றம், தங்கள் மூதாதையர் நிலமும் அதில் சேர்ந்திருப்பது தெரிந்ததும் அதே நவம்பரில் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றது.

மேஜையில் கிடந்த புத்தகத்தை அவரும் எடுத்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்தக் கொடிகளெல்லாம் 1860-களில் தொடங்கி ஒருமுறை அழிந்துபோயின. அமெரிக்காவிலிருந்து வந்த, பேன் அளவு ஃபிலாக்சரா பூச்சி ரோன் பள்ளத்தாக்கிலிருந்தே பரவி பிரான்சின் திராட்சையைத் தின்று தீர்த்தது. பிறகு அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் பழைய கொடியை ஒட்டுக்கட்டி மறுபடி நட்டார்கள். அதே குன்றில், அதே வரிசையில். சித்தப்பா பாதியைத் தமிழிலிருந்து ஹிந்திக்கு மாற்றிச் சொன்னார். என் தொழிலை அவர் என்னைவிட நன்றாகச் செய்தார்.

பெரியவர் கடைசிப் பக்கத்துப் படத்தை நெடுநேரம் பார்த்தார். வயதான விவசாயி ஒருவர் தன் கொடி வரிசைக்கு நடுவில் நிற்கும் படம். தாத்தா வைத்த தோட்டம் என்று கீழே எழுதியிருந்தது.

“அழிஞ்ச பிறகும் இவங்க அங்கேயேதான் இருக்காங்களா?”

“ஆமாம். அங்கேயேதான்.”

“யாரும் வேற இடத்துல வீடு கட்டித் தர்றேன்னு சொல்லலையா?”

சித்தப்பா சிரிக்கவில்லை. நானும் பதில் சொல்லவில்லை. பெரியவர் புத்தகத்தை மூடி, ஓரத்தைச் சரியாகத் தட்டி, மேஜை மேல் வைத்தார். “நல்ல ஊர்” என்றார்.